பதில் வராத அலைவரிசை

புதிதாக ஸ்கேனர் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு அதை முடுக்கிவிடுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஏறட்டும் என்று சமையலறை மேடையில் வைத்துவிட்டு, கூடவே வந்த சிறு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கடைசிப் பக்கம் வந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பது மட்டும் புரிந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் இவன் எங்கிருந்தோ தொடங்குகிறானே என்று நினைக்க வேண்டாம். இது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் ஃபிரிட்ஜின் மேல் ஒரு ஸ்கேனர் இருக்கும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லோரும் வானொலியில் பேசிக்கொள்வது அதில் கேட்கும். யார் வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்தது, யார் காரை மான் மீது விட்டார் என்பதெல்லாம் காலைக் காப்பி ஆறுவதற்குள் தெரிந்துவிடும். பிறகு கவுன்டி, அதாவது எங்கள் மாவட்டம், முழுக்க டிஜிட்டலுக்கு மாறியது. பழைய ஸ்கேனர்கள் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. பலர் அதோடு விட்டுவிட்டார்கள். நானும் விட்டவன்தான். லோயிஸ் இறந்த பிறகுதான், கையில் பிடிக்கிற டிஜிட்டல் ஸ்கேனர் ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன்.

லோயிஸ் என் மனைவி. மார்ச்சில், பனி உருகி எங்கும் சேறாகக் கிடந்த ஒரு நாளில் இறந்தாள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாயிற்று. எவ்வளவு நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதன் நீளம் வேறு. நேற்று நீங்கள் அன்றைய காலையைப் பற்றிக் கேட்டீர்கள். எழுந்ததும் இடது தோள் வலிக்கிறது என்றாள். விறகு அடுக்கினாயே, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்றேன். மதியம் சாப்பிட்ட பிறகு அவள் முகம் சாம்பல் நிறமாக இருந்ததைப் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் அழைத்த கணத்திலிருந்துதான் அவர்கள் பொறுப்பு.

அவர்கள் வேண்டுமென்றே தாமதித்தார்களா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஒரு மனிதன் தன் மனைவியின் சாவைப் பற்றி அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள நினைப்பதில் தவறு இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரை நிர்வகிக்கும் டவுன்ஷிப் குழுவில் மூன்று பேர். அதில் நான் ஒருவன். லோயிஸ் இறப்பதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் தீயணைப்புக் கூடத்துக்காரர்கள் எங்கள் முன் வந்து நின்றார்கள். அவர்கள் எல்லோரும் சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள். பகலில் தங்கள் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆகவே பகலில் ஒரே ஒரு ஆம்புலன்ஸுக்குத்தான் ஆள் தேறுகிறது, சம்பளத்துக்கு இன்னொரு குழுவும் இன்னொரு வண்டியும் வேண்டும் என்று கேட்டார்கள். குழுவில் ஒருவர் சரி என்றார், ஒருவர் வேண்டாம் என்றார். மூன்றாவது கை என்னுடையது. நான் வேண்டாம் என்றேன். வரி ஏறுவது எனக்குப் பிடிக்காது, அதில் ரகசியம் ஒன்றுமில்லை. அன்று பின்வரிசையில் நின்றிருந்த கர்ட் பிங்கமன் என்னைப் பார்த்தான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

கர்ட் ஆம்புலன்ஸ் குழுவின் தலைவன். என் பக்கத்து வீட்டுக்காரன். லோயிஸுக்குத் தாமதமாக வந்த வண்டியை ஓட்டி வந்தவனும் அவனே.

ஸ்கேனரை அவனிடமே எடுத்துக்கொண்டு போனேன்.

இதைச் சொன்னபோது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தீர்கள். இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. எங்கள் சாலையில் அதை அமைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தவிரவும், ஒருவனைக் காதால் பின்தொடரப் போகிறவனுக்கு, கருவியை அவனே அமைத்துக் கொடுப்பது நல்லது. பிறகு ஒரு நாள் கருவி சரியில்லை என்று அவன் சொல்ல முடியாது.

அவன் மனைவி ரோண்டா கோழியை வேகவைத்து, மாவைச் சதுரம் சதுரமாக வெட்டி அந்தச் சாற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல்கள் ஆவியால் வெளுத்திருந்தன.

“என்ன ஹார்லன், இவ்ளோ பெரிய சாமானா வாங்கிட்டீங்க? நிலாவுல பேசுறதுகூட கேக்கும் போலிருக்கே,” என்றான் கர்ட்.

“நீ பேசுறது கேட்டாப் போதும்,” என்றேன்.

“அதுக்கு எதுக்கு மெஷின்? இவர் குரல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாட்டுக்கே கேக்குது,” என்றாள் ரோண்டா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

கர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைக்கு முன் உட்கார்ந்தான். கை பெரிது, பொத்தான்கள் சிறிது. நகத்தால் அமுக்கினான்.

“மொதல்ல நம்ம அஞ்சல் எண்ணைப் போடணும். போட்டாச்சுன்னா நம்ம கவுன்டில இருக்கிறதை எல்லாம் அதுவே தேடி எடுத்துக்கும். பள்ளிக்கூட பஸ், ரோடு போடுறவன், பனி தள்ளுறவன், எல்லாரும் வந்து உங்க வீட்ல உக்காந்துக்குவாங்க. உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க, மத்ததை எடுத்துடலாம்.”

“ஆம்புலன்ஸ்.”

அவன் ஒரு கணம் நிமிர்ந்தான். லோயிஸ் ஞாபகம் வந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். அகப்பட்டுக்கொண்டவன் நிமிர்வதும் அப்படித்தான் இருக்கும்.

“முன்னெல்லாம் ஆளுக்கு ஒரு சேனல். இப்போ அப்படி இல்ல,” என்றான். “வாசல்ல ஒருத்தன் நிக்கிறான்னு வெச்சுக்குங்க. பேச வர்றவங்களை, நீ இந்த ரூமுக்குப் போ, நீ அந்த ரூமுக்குப் போன்னு அனுப்பிக்கிட்டே இருப்பான். உங்க மெஷின் அவன் சொல்றதைக் கேட்டுக்கிட்டு பின்னாலயே ஓடும்.”

“எந்த ரூமையும் அது விட்டுடாதுல்ல?”

“நீங்களா கதவைச் சாத்தாத வரைக்கும் விடாது. இதோ, இந்தப் பொத்தான். ஏதாவது சேனல் தொல்லை பண்ணினா ஒரு தடவை அமுக்குங்க, மெஷினை அணைக்கிற வரைக்கும் அது பேசாது. ரெண்டு தடவை அமுக்கினா அவ்ளோதான், ஒரேயடியா வாயை மூடிரும். திரும்பப் போட்டாலும் வராது.”

“அந்த மாதிரி பொத்தான் ஒண்ணு இந்த மனுஷனுக்கும் வெச்சு விடுங்க ஹார்லன், புண்ணியமாப் போகும்,” என்றாள் ரோண்டா.

கர்ட் சிரித்தான். நானும் சிரித்தேன். லோயிஸ் இறந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது இன்னொன்று சொன்னான். “ரெண்டு மலையிலயும் டவர் இருக்குல்ல, ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே பேச்சைப் பேசும். சில இடத்துல மெஷின் குழம்பிடும். வாய் கொப்புளிக்கிற மாதிரி சத்தம் வரும். பயப்படாதீங்க, இடத்தை மாத்தி வெச்சுப் பாருங்க. ஒரு அடி நகத்தினாலே சரியாயிடும்.”

நான் வீடு முழுக்க நகர்த்திப் பார்த்தேன். படுக்கையறையில் பேச்சு உடைந்தது. கூடத்தில் வரவே இல்லை. கடைசியில் சமையலறை ஜன்னல் விளிம்பில் நன்றாக எடுத்தது. அந்த ஜன்னலுக்கு நேரே கர்ட் வீட்டு முன்புறம். அந்த இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, ஸ்கேனர் தேர்ந்தெடுத்தது. அங்கும் ஒரே ஒரு சேனல் மட்டும் அவன் சொன்னபடியே கொப்புளித்தது. யாரோ தண்ணீருக்கடியில் பேசுவதுபோல. கேட்கச் சகிக்கவில்லை. அந்தப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினேன். அதன்பிறகு மற்றவை தெளிவாக வந்தன.

நான் அமைதிக்குப் பழகியவன். லோயிஸும் நானும் ஒரு மாலைப்பொழுது முழுக்க ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அதில் கோபமோ குறையோ இருந்ததில்லை. ஆனால் அமைதியில் வகைகள் உண்டு என்பதை ஸ்கேனரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். யாரும் பேச வேண்டியில்லாதபோது வரும் அமைதி ஒன்று. யாரோ பேசியே ஆக வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கும் அமைதி வேறு.

இப்படித்தான் வரும். முதலில் இரண்டு நீண்ட ஒலிகள், ஒன்று தாழ்ந்தது, ஒன்று உயர்ந்தது. அது எங்கள் நிலையத்துக்கான அழைப்பு. பிறகு கட்டுப்பாட்டு அறையின் பெண் குரல்: ஐந்தாம் நிலையம், ஆம்புலன்ஸ், இன்ன சாலை, இன்ன வீடு, நெஞ்சு வலி. அதை இரண்டு தடவை சொல்வாள். பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமே இல்லை. கிளம்பிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. வந்து சேர்ந்தோம் என்று சொல்லவில்லை. முதல் நாள் ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த அழைப்புக்கும் அதுவே. அதற்கடுத்ததற்கும். அந்தப் பெண் காலியான வீட்டுக்குள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னலருகே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மார்ச்சில் நடந்தது எனக்கு முழுக்க விளங்கிவிட்டது. லோயிஸுக்காகவும் அந்தக் குரல் இப்படித்தான் கூப்பிட்டிருக்கும். கர்ட் காதில் வாங்கிக்கொண்டு, பதில் சொல்லாமல், தன் காப்பியை முடித்திருப்பான்.

நான் அவசரப்படுகிறவன் இல்லை. ஒரு தடவை அழைப்பு வந்ததும் காரை எடுத்துக்கொண்டு தீயணைப்புக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கதவு மேலே ஏறியிருந்தது. வண்டி இல்லை. அப்படியானால் போயிருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கிறீர்கள். வண்டி இல்லை என்பதுதான் தெரிந்தது. எங்கே போனது என்பது தெரியவில்லை. கழுவ எடுத்துப் போயிருக்கலாம். சாண்ட்விச் வாங்கப் போயிருக்கலாம். பதில் சொல்லாமல் போகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் போவார்கள்.

ஜூலையில் கூடத்தின் வெளியே வழக்கம்போல் கோழி சுட்டு விற்றார்கள். நானும் போனேன். எல்வுட் ஷேடில் கரி நெருப்பின் மேல் கோழிகளைப் புரட்டி, வினிகர் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தான். எல்வுட் என் வயதுக்காரன், பள்ளியில் என்னோடு படித்தவன், ஆம்புலன்ஸில் கர்ட்டோடு போகிறவன்.

“வாய்யா, வரிக்குக் காவல்காரா,” என்றான் என்னைப் பார்த்ததும். “அரைக் கோழி போடவா, இல்ல அதுக்கும் வேணாம்னு கையத் தூக்கப் போறியா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கர்ட் மட்டும் கரியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“விடு எல்வுட், அவரைச் சாப்பிட விடு,” என்றான்.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். “நேத்து கிரீக் சாலையில யாரோ மாடிப்படியில விழுந்துட்டாங்களாமே. யார் போனது?”

“நானும் இந்தக் கிழவனும்தான். வேற யாரு இருக்கா பகல்ல?”

“கன்ட்ரோலுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் போவீங்களா?”

“சொல்லாமப் போனா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. சம்பளமே இல்லாத வேலை. அதுலேருந்தும் தூக்கிட்டா நாங்க எங்க போறது?”

“என்னய்யா, ஸ்கேனரை வெச்சுக்கிட்டு வருகைப் பதிவு எடுக்கிறியா?” என்றான் எல்வுட். “நான் ‘உள்ளேன் ஐயா’ சொல்லலேன்னா பெஞ்சு மேல ஏத்துவியோ?”

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லையே என்று நான் அப்போது கர்ட்டிடம் சொல்லியிருக்கலாம். அதை நானே பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொன்னால் அவன் உஷாராகிவிடுவான். பொய் சொல்கிறவனிடம் உன் பொய் எனக்குத் தெரியும் என்று சொல்வது முட்டாள்தனம். கோழியைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அவனிடம் அப்படிச் சொல்லவும் சொன்னேன்.

அதன்பிறகுதான் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

லோயிஸின் போன் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் இறந்ததும் இணைப்பை ரத்து செய்துவிட்டேன். ரத்தான போனிலும் அவசர எண் மட்டும் வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. டவுன்ஷிப் குழுவில் இருந்ததால் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து தள்ளி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தருகே காரை நிறுத்திக்கொண்டு, நடைபாதையில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஜன்னலருகே உட்கார்ந்தேன். இரண்டு ஒலிகள். பெண் குரல். பிறகு அதே அமைதி.

நான் கண்டுபிடித்தது உறுதியாயிற்று. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இன்னும் சில தடவை செய்தேன். வேறு வேறு இடம். எப்போதும் பகலில்தான், இரவில் யாருடைய தூக்கத்தையும் கெடுக்க நான் விரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த அமைதி வந்தது. உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. சந்தேகம் என்பது பசி மாதிரி என்று நினைத்திருந்தேன், சான்று கிடைத்தால் அடங்கிவிடும் என்று. அது அப்படி இல்லை. ஊட்ட ஊட்ட அது உட்கார்ந்து இன்னும் கேட்கும்.

அக்டோபரில், வில் அம்பு வேட்டைக் காலம் தொடங்கியிருந்தது. வேட்டைக்காரர்கள் மரத்தில் இருக்கை கட்டி உட்காருவார்கள். வருடத்துக்கு ஒருவராவது விழுவார். நான் மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டு வழியில் காரை நிறுத்தி, மரத்திலிருந்து ஒரு வேட்டைக்காரர் விழுந்துவிட்டார், கால் அசையவில்லை, சரியான இடம் சொல்லத் தெரியவில்லை, காட்டுக்குள் எங்கோ இருந்து கூப்பிடுகிறார் என்று சொன்னேன். அந்த ஆளுக்கு ஒரு பெயரும் கொடுத்தேன். இல்லாத மனிதனுக்குப் பெயர் வைப்பது எவ்வளவு எளிது என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். வரும் வழியிலேயே அழைப்பு போயிருக்க வேண்டும். ஸ்கேனர் சும்மா இருந்தது. வெயில் நன்றாக அடித்தது. ரோண்டா ஒரு கூடையோடு ஆப்பிள் மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் காப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்கிவிட்டுத் திரும்பியபோது அங்கே அவள் இல்லை, கூடை மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

இரண்டு ஒலிகள் வந்தன. பெண் குரல் எங்கள் சாலையின் பெயரைச் சொன்னது. என் வீட்டு எண்ணுக்கு அடுத்த எண்ணைச் சொன்னது. குளவி கொட்டியிருக்கிறது, மூச்சுத் திணறல் என்றது. பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு வாக்கியம்: ஐந்தாம் நிலையம் ஏற்கெனவே வேறு அழைப்பில் இருக்கிறது, ஒன்பதாம் நிலையம் கிளம்பவும். ஒன்பதாம் நிலையம் அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. நடுவில் ஒரு மலை.

ஆக, கர்ட் போயிருந்தான். மலைக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள், நான் பெயர் வைத்த மனிதனைத் தேடிக்கொண்டிருந்தான்.

போன் என் சட்டைப் பையில் இருந்தது. காட்டில் யாரும் விழவில்லை, வண்டியைத் திருப்புங்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரியும். என் கார் வாசலில் நின்றது என்பதும் தெரியும். நான் ஏன் அசையவில்லை என்று முதல் நாள் கேட்டீர்கள். இது ஒரு பொறி என்று நினைத்தேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை, கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். கர்ட் என்னைக் கண்டுகொண்டான், என்னை வாய் திறக்க வைப்பதற்காகத் தன் மனைவியை விட்டு ஒரு பொய் அழைப்பு கொடுத்திருக்கிறான், நான் போனை எடுத்த உடனே என்னைப் பிடிப்பார்கள் என்று. பொய் அழைப்பு கொடுத்துப் பழகியவனுக்கு எந்த அழைப்பும் பொய்யாகவே படும். இதை நீங்கள் உங்கள் தொழிலில் பார்த்திருப்பீர்கள்.

ஒன்பதாம் நிலையத்து வண்டி வந்தபோது ரோண்டா இறந்துவிட்டிருந்தாள். அதன்பின் வந்த ஐந்தாம் நிலையத்து வண்டியிலிருந்து கர்ட் இறங்கி ஓடினான். அவன் கால்சட்டை முழுக்கக் காட்டுச் செடியின் முட்கள் ஒட்டியிருந்தன. எல்வுட் இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

ரத்தான போனுக்குள்ளும் ஓர் அடையாள எண் இருக்கும், அதைப் பிடித்து யார் வாங்கிய போன் என்று கண்டுபிடிக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் என் கதவைத் தட்டி லோயிஸின் பெயரைச் சொன்னபோதுதான் தெரிந்தது.

நேற்று நீங்கள் என் ஸ்கேனரை இந்த மேசையில் வைத்தீர்கள். அதில் ஒரு சேனல் நிரந்தரமாக மூடப்பட்டிருப்பதைக் காட்டினீர்கள். கட்டுப்பாட்டு அறை ஒரு சேனலில் கூப்பிடும், வண்டிக்காரர்கள் இன்னொரு சேனலில் பதில் சொல்வார்கள் என்றும், நான் மூடியது அந்தப் பதில் சேனல் என்றும் சொன்னீர்கள். நீங்கள் மிகவும் மெதுவாக, ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோல் சொன்னீர்கள். கவுன்டியில் எல்லாப் பேச்சையும் பதிவு செய்து வைக்கிறார்களாம். நீங்கள் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினீர்கள். சுரங்கத்தருகே நான் கொடுத்த அழைப்புக்கு கர்ட்டின் பதில் இருந்தது. கிரீக் சாலைக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் இருந்தது. அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் சில இடங்களில் அவன் குரல் வந்துவிட்டது.

மார்ச் மாதத்துப் பதிவையும் போட்டீர்கள். அன்று அந்த ஒரே வண்டி முதியோர் இல்லத்திலிருந்து ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி போயிருந்தது. “இவரை இறக்கின உடனே வந்துடுறோம். பக்கத்துல வேற வண்டி ஏதாவது கிடைக்குமா பாருங்க, ப்ளீஸ். அது ஹார்லன் வீடு,” என்று கர்ட் சொன்னான். வேறு வண்டி இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். நீங்கள் பதிவை நிறுத்திவிட்டு, இரண்டாவது வண்டி ஒன்று இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டீர்கள். அந்த நாகரிகத்துக்கு நன்றி.

கடைசியாக அக்டோபர் பதிவு. காட்டுக்குள் ஓடிக்கொண்டே பேசுகிறான். மூச்சு இரைக்கிறது. “கன்ட்ரோல், அது என் வீடு,” என்கிறான். பிறகு ஒரு இடைவெளி. பிறகு, “இங்க எங்கயோ ஒரு ஆள் விழுந்து கிடக்கிறார். அவரை விட்டுட்டு நான் எப்படி வர்றது? யாராவது சொல்லுங்க.” யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமான வகை இல்லை.

அதைக் கேட்டதும் நான் அழுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள். நான் யோசித்தது வேறு. அந்தப் பொத்தானை எனக்குக் காட்டியவன் கர்ட். எந்த சேனலில் அவர்கள் பதில் சொல்வார்கள் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு கருவியை அமைத்துக் கொடுக்கிறவனுக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டு.

இன்று காலை நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. அந்த நேரம் முழுக்க நான் என்ன செய்துகொண்டிருந்தேன், ரோண்டாவைப் பார்த்தேனா என்று. ஜன்னல் திரை மூடியிருந்தது என்று முதல் நாள் சொன்னேன். அது சரியில்லை. திரை திறந்துதான் இருந்தது.

அவள் வெளியே வந்தாள். முன்புறக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்ததும், பொறி என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. அதன்பிறகு நான் காத்திருந்தது வேறு காரணத்துக்காக. வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நீளம் என்று அந்த வீட்டிலும் ஒருவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன், ஒன்பதாம் நிலையம் எங்கே வருகிறது என்று கேட்பதற்காக. அவளை நான் கொன்றேன் என்று நீங்கள் எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளிடம் நான் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேன் என்று எழுதாதீர்கள். அவள் சாலையைப் பார்த்தாள், பிறகு என் ஜன்னலைப் பார்த்தாள், என்னைக் கண்டதும் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அசைத்தாள். நானும் கையை உயர்த்தி அசைத்தேன். எங்கள் சாலையில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் யாரும் இருப்பதில்லை.